பொட்டு வைத்த கண்ணாடித் தகடுகள்

சேகருக்கு அம்மா எழுதுவது.

நீ நன்றாக இருக்கிறாய் என்று தெரியும், போன வாரம்தான் போனில் பேசினாய். எனக்கும் ஒன்றுமில்லை; முட்டி வலி இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதைச் சொல்ல இந்தக் காகிதத்தை எடுக்கவில்லை. போனிலேயே பேசியிருக்கலாமே என்று நினைப்பாய். போனில் நான் ஒரு பேச்சை எடுத்தால் நீ "சரிம்மா, சரிம்மா" என்று பாதியிலேயே முடித்து வைத்துவிடுகிறாய். காகிதத்தில் அது நடக்காது. ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன கை, பிழை இருக்கும், கூட்டிப் படித்துக்கொள். இதில் ஒளித்து எழுத ஒன்றுமில்லை. அமுதா படித்தாலும் சரி, நாளைக்கு நித்யா பெரியவளாகி எடுத்துப் படித்தாலும் சரி, வீட்டில் மருமகளை வைத்திருக்கிற வேறு யார் படித்தாலும் சரி. எனக்கு வெட்கமில்லை. வெட்கப்பட வேண்டியதற்கெல்லாம் இந்த வாரம் பட்டு முடித்துவிட்டேன்.

உன் பெண்டாட்டிக்குப் பெங்களூர் ஆராய்ச்சிக் கூடத்திலிருந்து கடிதம் வந்தது. கல்யாணத்துக்கு முன்பே மெட்ராஸில் ஆரம்பித்துப் பாதியில் நின்றுபோன படிப்பை அங்கே வந்து தொடரலாம், ஜூன் மாதம் சேர வேண்டும், வருகிறாயா இல்லையா என்று இந்த மாதக் கடைசிக்குள் எழுது என்று கேட்டிருக்கிறார்கள். அமுதா அதை உனக்குப் போனில் படித்துக் காட்டினாள். அவளிடம் நீ "யோசிக்கலாம்" என்றாய். மறுநாள் அவள் பாடம் எடுக்கப் பள்ளிக்கூடம் போன நேரம் பார்த்து என்னைக் கூப்பிட்டாய்.

"நான் வேணாம்னா சண்டை வரும்மா. நீ சொல்லிடு. உன் பேச்சத் தட்ட மாட்டா."

"இன்னாடா சொல்லணும்?"

"என்னத் தனியா விட்டுட்டுப் போறியான்னு ஒரு வார்த்த கேளு, போதும். அவளே வரலன்னு எழுதிப் போட்டுடுவா."

நான் "சரிடா" என்றேன். யோசிக்காமல் சொன்னேன். இத்தனை வருஷமாக எனக்கும் உனக்கும் இதுதானே பழக்கம். அந்தச் "சரி"யைத் திருப்பி வாங்கிக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன். ஏன் என்று உனக்குப் புரிய வேண்டுமானால், உனக்குத் தெரிந்த கதையையே நான் வேறு பக்கத்திலிருந்து சொல்லியாக வேண்டும். பொறுமையாகப் படி.

போளூருக்கு அமுதாவைப் பெண் பார்க்கப் போனோமே, அது நினைவிருக்கிறதா? நீ கேசரித் தட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். அவள் அப்பா கையைப் பிசைந்துகொண்டே பேசினார். "பொண்ணுக்குப் படிப்பு முடியலிங்க. இன்னும் ரெண்டு வருஷம் ஆவும். அதுக்கு ஒத்துக்கிட்டாத்தான் மேல பேச முடியும், தப்பா நெனைக்காதீங்க" என்றார். உன் அப்பா வாயைத் திறக்கும் முன் நான் முந்திக்கொண்டேன். "படிக்கட்டுங்க. எங்க வீட்டு மருமவ டாக்டருன்னா எங்களுக்குத்தான பெருமை?" என்றேன். அவர் கண் கலங்கிவிட்டார். எனக்கு உள்ளுக்குள் ஒரே குளிர்ச்சி. திரும்பி வரும்போது பஸ்ஸில் உன் அப்பா மெதுவாகச் சொன்னார்: "இவ்ளோ சுலபமா வாக்கு குடுத்துட்டியே. அதக் காப்பாத்தறது உன் கையில மட்டும் இல்லடி." நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். எனக்கு எதையும் பெரிதாகச் சொல்லிக்கொள்வதில் ஆசை. பெருமைப்படுவதும் பாதுகாப்பதும் ஒன்று என்றே ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

கல்யாணம் ஆனதும் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். எதிர்வீட்டுச் சரோஜா கேட்டாள், "ஊசி போடாத டாக்டரு எதுக்குக்கா?" என்று. "அவ வெயில்லருந்து கரண்டு எடுக்கறவடி. நீ ஊசிக்கே பயப்படுறவ, உனக்கு இன்னா தெரியும்?" என்று அவள் வாயை அடைத்தேன். எனக்கு மட்டும் என்ன தெரிந்தது? அமுதா மெட்ராஸிலிருந்து வெள்ளிக்கிழமை ராத்திரி வருவாள், திங்கட்கிழமை விடியற்காலையில் போய்விடுவாள். அவள் அங்கே என்ன செய்கிறாள் என்று ஒரு நாளும் உட்காரவைத்துக் கேட்டதில்லை. "வேல எப்படிம்மா போவுது?" என்பேன். "போவுது அத்தே" என்பாள். அதோடு சரி. குழம்புக்கு உப்புப் பார்க்கச் சொல்வேன்.

அந்த வருஷத்துச் சரஸ்வதி பூஜைக்கு அவள் ஒரு டப்பாவோடு வந்தாள். பூஜை முடிந்து பெங்களூர் போக வேண்டும், அங்கே ஒரு மிஷினில் இதையெல்லாம் வைத்துப் பார்க்க வேண்டும், அந்த மிஷினுக்கு மாதக்கணக்கில் காத்திருந்து இப்போதுதான் முறை வந்திருக்கிறது என்றாள். இந்த அளவுக்கு என்னிடமும் சொன்னாள். டப்பாவை பீரோ மேல் வைத்துவிட்டு, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று போளூருக்கு ஒரு நடை போனாள். மறுநாள் சாயங்காலம்தான் வருவாள் என்று தெரியும்.

பூஜைக்கு எல்லாவற்றையும் கழுவி எடுத்து வைத்தேன். அரிவாள்மணை, மண்வெட்டி, கடப்பாரை, என் தையல் மிஷின், உன் வண்டி, கணக்கு வாத்தியாராட்டம் நீ சேர்த்து வைத்திருந்த புத்தகங்கள். வீட்டில் இருக்கிற அத்தனை பேருடைய தொழிலும் அங்கே சந்தனம் குங்குமத்தோடு உட்கார்ந்திருக்கிறது, வீட்டுக்குப் புதிதாக வந்தவளுடையது மட்டும் இல்லை. எனக்கு மனசு ஒப்பவில்லை. "அமுதா பொருள் எதுவும் வெக்கலியேடா" என்றேன். நீதான் நாற்காலி போட்டு ஏறி டப்பாவை எடுத்துக் கொடுத்தாய்.

திறந்தால் உள்ளே தீப்பெட்டி அகலத்தில் கண்ணாடித் துண்டுகள். ஒரு பக்கம் கறுப்பாக, மினுமினுவென்று ஒரு பூச்சு. ஒவ்வொன்றாக எடுத்து வாழையிலையில் வரிசையாக வைத்தேன். ஒவ்வொன்றுக்கும் விபூதிப் பட்டை இழுத்து, நடுவில் சந்தனம் தொட்டு, குங்குமம் வைத்தேன். சுண்டலுக்கு வந்த சரோஜா குனிந்து பார்த்தாள்.

"இன்னாக்கா இது, ஓட்டுச் சில்லாட்டம் கீது?"

"தொடாதடி. இத வெயில்ல காட்டினா கரண்டு வரும்."

"அப்ப நம்ம தெருவுல கரண்டு போனா, உன் மருமவள மாடில நிக்க வெச்சிட்டாப் போதும்."

நீயும் சிரித்தாய், நானும் சிரித்தேன். பூஜையில் வைத்ததை மறுநாள் வரைக்கும் எடுக்கக் கூடாது அல்லவா? ராத்திரி முழுக்க மழைச் சாரலிலும் சாம்பிராணிப் புகையிலும் அவை அப்படியே திறந்து கிடந்தன. விஜயதசமியன்று காலையில் பூஜையைக் கலைத்து, ஒவ்வொரு தகடாக ஈரத் துணியால் சுத்தமாகத் துடைத்து, எடுத்த மாதிரியே டப்பாவில் அடுக்கி வைத்தேன். ஒரு கீறல் இல்லை, ஒன்றும் உடையவில்லை. எனக்குத் திருப்தி.

சாயங்காலம் அமுதா வந்து செருப்பைக் கழற்றும் முன்பே சொன்னேன். "உன் தகட்டுக்கெல்லாம் ஜோரா பூஜ போட்டுட்டேன். போன காரியம் நல்லா நடக்கும் பாரு." அவள் நேராகப் போய் டப்பாவை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திறந்தாள். ஒரு தகட்டைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். பிறகு கேட்டாள், சத்தமே இல்லாமல்.

"எந்தத் தண்ணில தொடச்சீங்க அத்தே?"

"நம்ம போர் தண்ணிதான். ஏம்மா?"

"எல்லாத்தையுமா?"

"ஒண்ணு விடாம. ஒண்ணுக்கு வெச்சி ஒண்ணுக்கு வெக்காம இருக்கலாமா?"

அவள் டப்பாவை மூடினாள். "சரிங்க அத்தே" என்றாள். அவ்வளவுதான். நீ அந்தப் பக்கமாக வந்தாய். "அம்மா ஆசையா செஞ்சிட்டாங்க, விடு. கண்ணாடிதான, வேற பூசிக்கலாம்" என்றாய். அவள் உன்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வை எனக்கு அப்போது விளங்கவில்லை. மறுநாள் காலையில் எஸ்.டி.டி. பூத்துக்குப் போய், வரவில்லை என்று பெங்களூருக்குச் சொல்லிவிட்டு வந்து, எனக்கு வெங்காயம் அரிந்து கொடுத்தாள். வெங்காயத்துக்குக் கண்ணீர் வருகிறது என்று நானும் நினைத்தேன்.

அதற்குப் பிறகு நடந்தது உனக்கும் தெரியும். புதிதாகத் தகடு செய்ய மெட்ராஸுக்குப் போவதற்குள் நித்யா வயிற்றில் வந்துவிட்டாள். பூச்சைச் சூடு பண்ணுகிற உலையில் வருகிற ஆவி விஷம், பிள்ளைத்தாய்ச்சி பக்கத்தில் வரக் கூடாது என்று அவளுடைய பேராசிரியரே தடுத்துவிட்டார். குழந்தை பிறந்த பிறகு போகிறேன் என்றாள். "பல்லு மொளைக்கட்டும்" என்றேன். பல் முளைத்தது. "நடக்கட்டும்" என்றேன். நடந்தாள். அதற்குள் உன் அப்பா போய்விட்டார், "நான் தனியாயிட்டனே" என்றேன். அது பொய்யில்லை. ஆனால் அதை எந்த நேரத்தில் சொன்னேன் என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன். அவள் பெட்டியைக் கீழே இறக்கித் துடைத்துக்கொண்டிருந்த நேரத்தில் சொன்னேன். அந்தப் பேராசிரியரும் ஓய்வு பெற்றுப் போனார். டவுனில் தனியார் பள்ளிக்கூடத்தில் பௌதிகம் எடுக்க ஆள் கேட்டார்கள், நீ "வீட்டுக்குப் பக்கத்துல, நல்லதுதான" என்றாய். அவளும் போனாள். உனக்கு ஓசூரில் வேலை மாறியது. எனக்குத் துணை இருந்தது, உனக்குக் கவலை இல்லாமல் இருந்தது. நான் பொட்டு வைத்தது தெரியாமல் செய்தது. அதற்குப் பிறகு நானும் நீயும் செய்ததில் எதுவும் தெரியாமல் செய்ததில்லை, சேகர். சௌகரியமாக இருந்தது, செய்தோம்.

இப்போது போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். உனக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றத்தான் அவளிடம் போனேன். கூடத்தில் சுவரில் சாய்ந்துகொண்டு பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தாள். நித்யா எதிர்வீட்டில் சரோஜா பேத்தியோடு விளையாடப் போயிருந்தாள்.

"அமுதா, அந்தப் பெங்களூர் விஷயம்..." என்று ஆரம்பித்தேன்.

அவள் பேனாவை மூடி வைத்தாள். "அவரு உங்களச் சொல்லச் சொன்னாரா அத்தே?"

கோபமாகக் கேட்டிருந்தால் நானும் கோபமாகப் பதில் சொல்லியிருப்பேன். அவள் களைப்பாகக் கேட்டாள். நீ சொல்லிக் கொடுத்த வார்த்தை வாயில் வரவில்லை. அதற்குப் பதிலாக வேறொன்று வந்தது. "நீ அங்க போயி இன்னாதான் பண்ணப் போற? எனக்குப் புரியற மாதிரி சொல்லு" என்றேன். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகக் கேட்கிறேன். அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள், நிஜமாகக் கேட்கிறேனா என்று. பிறகு திரும்பி, தான் சாய்ந்திருந்த சுவரில் விரலை வைத்துத் தேய்த்தாள். வெள்ளையாக மாவு மாதிரி உதிர்ந்தது.

உனக்குத்தான் தெரியுமே, ஜில்லா பிரித்து வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் வரப்போகிறது என்று எண்பத்தொன்பதில் எல்லாரும் இங்கே மனை வாங்கினபோது உன் அப்பாவும் அடி அண்ணாமலை நிலத்தில் பாதியை விற்று இந்த மனையை வாங்கினார். போர் தண்ணீர் உப்பு என்று கொத்தனார் சொல்லியும் கேட்காமல் அதிலேயே கட்டினார். அன்றிலிருந்து பொங்கலுக்குப் பொங்கல் சுண்ணாம்பு அடிக்கிறோம், ஆடிக்குள் உப்புப் பூத்துவிடுகிறது.

"இது வெளியிலருந்து வந்து ஒட்டினது இல்ல அத்தே, உள்ளருந்து மேல ஏறி வருது. என் தகட்டுலயும் அதேதான். நம்ம சாப்பாட்டு உப்புல இருக்கே சோடியம், அது கண்ணாடியிலயும் இருக்கு. கண்ணாடி மேல அந்தக் கறுப்புப் பூச்ச வெச்சிச் சூடு பண்ணும்போது, கண்ணாடியிலருந்து சோடியம் கொஞ்சம் கொஞ்சமா பூச்சுக்குள்ள ஏறும். உள்ள இருக்கிற வரைக்கும் அது நல்லது பண்ணும். பூச்சு நல்லாப் படியும், கரண்டு ஜாஸ்தி வரும். ஆனா மேல்பக்கம் வரைக்கும் வந்துட்டா, காத்தும் ஈரமும் பட்டு இந்த மாதிரி பூத்துடும். அதுக்கு மேல போடுற அடுத்த பூச்சு சரியா உக்காராது. தண்ணில அலசினா போவும். ஆனா எவ்ளோ போவணும், எவ்ளோ நிக்கணும், எப்ப அலசணும்? அதத்தான் நான் பாத்துட்டிருந்தேன்."

"அந்த மிஷினு?"

"அது மேல் தோல மட்டும் பாக்குற மிஷின். பாதித் தகட்டுல, கண்ணாடிக்கும் பூச்சுக்கும் நடுவுல ஒரு தடுப்புப் போட்டிருந்தேன், சோடியம் ஏறாதபடி. மீதிப் பாதியில தடுப்பு இல்ல. ரெண்டையும் வெச்சிப் பாத்தா, எந்தத் தோலுல எவ்ளோ சோடியம்னு தெரிஞ்சிடும்."

மெதுவாகத்தான் கேட்டேன். "அப்ப நான் விபூதி பூசி, போர் தண்ணில தொடச்சனே... அதுல?"

அவள் பேப்பர்க் கட்டை நேராக அடுக்கினாள். "அதுல இருந்ததும் சோடியம்தான் அத்தே. விபூதியில இருக்கு, போர் தண்ணில இருக்கு, கை வேர்வையில இருக்கு. ராத்திரி பூரா ஈரக் காத்து வேற. நான் தேடிட்டுப் போனதையே நீங்க எல்லாத்து மேலயும் தடவிட்டீங்க. எது கண்ணாடியிலருந்து வந்தது, எது உங்க கையிலருந்து வந்ததுன்னு மிஷினுக்குத் தெரியாது."

சிரித்தாள். நிஜமாகவே சிரித்தாள், பிறகு அந்தச் சிரிப்பை முடிக்க முடியாமல் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். நான் எத்தனையோ பேரிடம் எத்தனையோ பேச்சு வாங்கியிருக்கிறேன். எதுவும் இப்படி வலித்ததில்லை. "ஏம்மா அன்னிக்கே சொல்லல? ரெண்டு திட்டு திட்டியிருக்கலாமே" என்றேன். "வீட்டுக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆவாத மருமவ நான். தெரு பூரா சொல்லி நீங்க அவ்ளோ பெருமையா இருந்தீங்க. எப்படிச் சொல்றது? டப்பாவ யாரும் தெறக்க வேணாம்னு அவருகிட்ட சொல்லிட்டுத்தான் போனேன்..." என்றவள், அங்கேயே நிறுத்தி உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

சேகர், நாற்காலி போட்டு ஏறினது நீ. எடுத்துக் கொடுத்தது நீ. மறந்திருப்பாய், இல்லை, கண்ணாடித் துண்டுதானே என்று நினைத்திருப்பாய். அதற்காக உன்னைக் கோபிக்க எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் இத்தனை வருஷம் "அம்மா ஆசையா செஞ்சிட்டாங்க" என்று ஒரு வார்த்தையில் அதை என் தலையில் மட்டும் வைத்துவிட்டுப் போய்விட்டாயே. அவளும் உன்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. என்னையும் திட்டவில்லை. உன்னையும் என்னையும் ஒரே நேரத்தில் காப்பாற்றிக்கொண்டு வெங்காயம் அரிந்தாள் பார், அதை நினைத்தால்தான் எனக்கு ஆறவில்லை.

நான் கேட்டேன், "இப்பப் போனா அத விட்ட எடத்துலருந்து புடிச்சிடலாமா?" என்று. இல்லை என்று தலையை ஆட்டினாள். "அந்தக் கேள்விக்கு வேற யார் யாரோ பதில் எழுதிட்டாங்க அத்தே. நான் புள்ள வளக்கிற நேரத்துல வெளிநாட்டுல, நம்ம நாட்டுல, எல்லாரும் எழுதிட்டாங்க. படிச்சுப் பாத்தேன். நான் நெனச்சது பெரும்பாலும் சரிதான்." பெரும்பாலும் சரிதான் என்று அவள் சொன்னபோது அவள் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். பெருமையும் இல்லை, அழுகையும் இல்லை. யாருக்கோ கட்டிக் கொடுத்துவிட்ட வீட்டை ரோட்டிலிருந்து பார்க்கிற மாதிரி ஒரு முகம். அந்த வருஷங்களை என்னால் திருப்பிக் கொடுக்க முடியாது. உன்னாலும் முடியாது. அவள் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வேறு பெயர் இருக்கிறது, இனி அது அப்படியேதான் இருக்கும். இதை நீ ஒரு தடவை முழுசாக மனசில் வாங்கிக்கொள். நான் வாங்கிக்கொண்டு இரண்டு நாள் சாப்பிட முடியவில்லை.

"அப்ப எதுக்கும்மா போவணும்ன்ற?" என்றேன். குத்தலாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். அவள் கண் அப்போதுதான் மாறியது. இப்போது கண்ணாடியே இல்லாமல், சுருட்டுகிற மாதிரி மெல்லிய தகட்டின் மேல் பூசப் பார்க்கிறார்களாம். அதில் கீழேயிருந்து ஏறி வருவதற்குச் சோடியமே கிடையாது. நாமே வெளியிலிருந்து அளந்து போட வேண்டும். பூசும் முன்பா, பூசும்போதா, பூசின பிறகா, எப்போது போட்டால் மேல்தோல் கெடாமல் இருக்கும் என்று பார்க்க வேண்டும். "என்னவிடச் சின்னப் பசங்களுக்குக் கீழதான் வேல செய்யணும். பரவாயில்ல" என்றாள். கையை ஆட்டி ஆட்டி, விரலால் தரையில் கோடு போட்டுச் சொன்னாள். எனக்குப் பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. ஆனால் இப்படி ஒருத்தி என் வீட்டில் இருக்கிறாள் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். ஊரெல்லாம் பெருமை பேசினேனே, யாரைப் பற்றிப் பேசினேன்?

"சேகர் இன்னா சொல்றான்னு வுடு. நீ இன்னா சொல்ற?" என்றேன். "போவணும் அத்தே" என்று சொல்லிவிட்டு, உடனே சிவப்புப் பேனாவைத் திறந்து அடுத்த பேப்பரை எடுத்துக்கொண்டாள், நான் மேற்கொண்டு ஏதாவது சொல்லிவிடப் போகிறேன் என்று பயந்த மாதிரி.

இனி உனக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். என்னைக் காரணம் காட்டாதே. எனக்குக் கை கால் இருக்கிறது, எதிர்வீட்டில் சரோஜா இருக்கிறாள், அவள் வாய் ஒன்று போதும், எனக்குத் துணைக்கு வேறு ஆள் வேண்டாம். பௌர்ணமிக்குப் பௌர்ணமி அடி அண்ணாமலை வரைக்கும் நடந்து என் தம்பி வீட்டில் உட்கார்ந்துவிட்டு வருவேன். முட்டி வலித்தால் ஆட்டோவில் வருவேன். தனியாக இருப்பேன், கஷ்டமாகத்தான் இருக்கும், அதை மறைக்கவில்லை. ஆனால் என் தனிமையை எடுத்து இன்னொருத்தி காலில் கட்டுவதற்கு இனி என்னிடம் கேட்காதே. வேண்டாம் என்று சொல்ல உனக்கு ஒரு காரணம் இருந்தால், அது உன்னுடையதாக இருக்கட்டும்.

நித்யாவை நான் வைத்துக்கொள்கிறேன் என்று சொல்ல எனக்கு நாக்கு துடிக்கிறது. போன வாரம் பள்ளிக்கூட ஆண்டு விழாவில் மைக்கைப் பிடித்து மடமடவென்று பேசினாள் பார், தலைமை ஆசிரியையே "யார் வீட்டுப் பொண்ணு?" என்று கேட்டாள். நான் நாற்காலியிலிருந்து எழுந்தே நின்றுவிட்டேன். அவள் இல்லாத வீட்டை நினைத்தால் எனக்குச் சோறு இறங்காது. அதனால்தான் சொல்கிறேன், அவளை இங்கே விடாதீர்கள். அவள் இங்கே இருந்தால், காய்ச்சல் வந்தால் அமுதா வருவாள், பல் விழுந்தால் வருவாள், ஒரு நாள் நான் "கொழந்த ஏங்குது" என்பேன், அவள் வந்தவள் போக மாட்டாள். நான் அப்படிச் சொல்லாமல் இருப்பேன் என்று எனக்கே என் மேல் நம்பிக்கை இல்லை. பிள்ளை அம்மாவோடு போகட்டும். ஓசூருக்கும் பெங்களூருக்கும் எவ்வளவு தூரம் என்று சொல்ல ஐந்தாம் வகுப்புப் பூகோளமே போதும். அங்கே ஒரு வீடு பார். நீ அங்கிருந்து வேலைக்குப் போய் வா. சாயங்காலம் பிள்ளைக்குத் தலை வாரு, பாடம் சொல்லிக் கொடு, சோறு வடி. குக்கர் வைக்க உனக்குத் தெரியும், ஓசூரில் நீயேதானே வைத்துச் சாப்பிடுகிறாய்? மூன்று பேருக்கு வைக்க ஒரு டம்ளர் அரிசி கூடப் போட வேண்டும், அவ்வளவுதான்.

நான் உனக்குக் கட்டளை போடவில்லை. போட்டாலும் கேட்கிற வயது உனக்கு இல்லை. அவளை அனுப்பு என்றும் சொல்லவில்லை. அனுப்புவதற்கு அவள் என்ன பார்சலா? உன் மனசில் இருப்பதை அவள் முகத்தைப் பார்த்துச் சொல் என்கிறேன். நான் உனக்கு எத்தனையோ செய்து கொடுத்திருக்கிறேன், சட்டை தைத்துக் கொடுத்தேன், பெண் பார்த்துக் கொடுத்தேன். அந்த வார்த்தையை மட்டும் உனக்காக என்னால் சொல்லிக் கொடுக்க முடியாது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை வா. மாதக் கடைசிக்குள் அவள் பதில் எழுத வேண்டும், அடுத்த தடவை வருகிறேன் என்று தள்ளாதே. நீ வந்ததும் நித்யாவைச் சரோஜா வீட்டுக்கு அனுப்பிவிடுகிறேன். அமுதா எதிரில் உட்கார். போ என்று சொல்வாயோ வேண்டாம் என்று சொல்வாயோ, அது உன் பாடு. நடுவில் என்னைக் கூப்பிடாதே. கூப்பிட்டாலும் வர மாட்டேன். அடுப்படியில் உங்களுக்குக் குழம்பு வைத்துக்கொண்டிருப்பேன், நீ சொல்வது எல்லாம் அங்கே கேட்கும்.

உன் அம்மா.